கண்ணாடி ஸ்கூல் இன்டர்வியூ

அத்தியாயம் 9

"என் தலையில வேண்டாம். புள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க" என்றாள் சித்ராதேவி.

பாண்டித்துரை வாயெல்லாம் பற்பசை நுரையோடு நின்றான். வேல்விழி ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, தன் தலையை வைத்து என்ன விளையாட்டு நடக்கிறது என்று புரியாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னத்தச் சொல்லணும்?"

"இன்னிக்கு அந்த ஸ்கூல்ல வாயைத் தொறக்க மாட்டேன்னு."

"பேரு கேட்டா?"

"பேரைச் சொல்லுங்க. பேருக்கு மேல ஒரு எழுத்து பேசக் கூடாது."

மொரீசியஸிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி ஒன்றரை மாதம் ஆகிறது. பாண்டித்துரை அங்கே வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு ஒரேயடியாகப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். திருப்பூர் மண்ணரையில் அண்ணன் ஜெயபாண்டி வீட்டு மாடியில்தான் இப்போது ஜாகை. கீழே அண்ணனின் தையல் யூனிட். விடிந்தது முதல் மிஷின் சத்தம் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். பாண்டித்துரைக்கு இன்னும் வேலை அமையவில்லை. அதைக்கூட சித்ராதேவி பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறு. ஜூன் பிறக்கப் போகிறது. ஆறு வயது மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்று சொல்வதும் பொய். கிடைத்ததையெல்லாம் பெற்ற தகப்பனே கெடுத்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டு வியாபாரிகள் ஆர்டர் கொடுக்குமுன் கம்பெனியைச் சோதிக்க ஆள் அனுப்புவார்கள். தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, மருந்துப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, இத்தனை தொழிலாளிக்கு இத்தனை கக்கூஸ் உண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்கு ஆடிட் என்று பெயர். அந்த ஆடிட்டுக்குக் கம்பெனியைச் சீவிச் சிங்காரித்து நிறுத்துவதுதான் பாண்டித்துரையின் உத்தியோகம். திருப்பூரில் தொற்றிய நோய் மொரீசியஸில் முற்றிவிட்டது. கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூட மணமக்களைப் பார்க்குமுன் பின்வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பான்.

முதல் பள்ளிக்கூடத்தில், "பின் கேட்டை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க? தீப்பிடிச்சா புள்ளைக எப்படி வெளிய வரும்?" என்று கேட்டான். "வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?" என்று அந்தத் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். இரண்டாவது பள்ளிக்கூடத்தில் மாடி மாடியாக ஏறி கக்கூஸை எண்ணிவிட்டு வந்து, "உங்களுக்கு இன்னும் ஆறு வேணும் சார்" என்றான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர், "மொரீசியஸ்ல படிச்சதெல்லாம் இங்க செல்லாதுங்க. யூகேஜி வேணா தாரோம்" என்று சொல்லிவிட்டார்.

யூகேஜி! அந்த ஊரில் ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும். ஒன்றாம் வகுப்பில் நாலு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளையை, மறுபடியும் கைக்குட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு போகச் சொன்னால்? எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பிறகு பனியன் கம்பெனிக்கு வந்தவள் சித்ராதேவி. ஒரு வருஷம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

மிச்சமிருப்பது இந்த அவிநாசி ரோடு ஸ்கூல்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்திருப்பதால் ஊரே கண்ணாடி ஸ்கூல் என்றுதான் சொல்லும். அங்கே சேர்க்கைக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள்.

பாண்டித்துரை வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மகள் தலையில் கை வைத்தான். "சத்தியம். போதுமா?"

கீழேயிருந்து ஜெயபாண்டி குரல் கொடுத்தான். "சித்ரா! நமக்கு வேண்டப்பட்ட கந்தவேல் அண்ணன் அந்த கரஸ்பாண்டன்ட் அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லியிருக்காரு. அவரு சொல்லி அந்தம்மா தட்டினதில்ல. இவன் வாயை மட்டும் தச்சு கூட்டிட்டுப் போ. நூலு வேணும்னா யூனிட்ல இருந்து தாரேன்!"

அண்ணி சீனியம்மாள் சிரிப்பது கேட்டது. மிஷினில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மானம் போகிற விஷயமென்றால் இந்த வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒளிவு மறைவு கிடையாது.

*

கண்ணாடி ஸ்கூலில் வாசற்படியே பளிங்கு. ஏ.சி. அறைக்குள் கரஸ்பாண்டன்ட் அம்மா உட்கார்ந்திருந்தார். வைரத்தோடு, கஞ்சி போட்ட காட்டன் சேலை. பேச்சில் தேன் சொட்டியது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. கந்தவேல் அண்ணன் சொன்னாருங்க. ஏனுங்க, உங்க பேருங்க?"

"பாண்டித்துரை" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"என்ன பண்றீங்க?"

பாண்டித்துரை சித்ராதேவியைப் பார்த்தான். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"கார்மென்ட்ஸ் லைனுங்க" என்று அவள் முந்திக்கொண்டாள். "அவருக்குத் தொண்டை சரியில்லைங்க."

"அய்யோ, பாவம். ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லட்டுங்களா?"

பாண்டித்துரை கும்பிட்டு வேண்டாம் என்று தலையாட்டினான். மேலே பார்க்காதே, மேலே பார்க்காதே என்று சித்ராதேவி மனதுக்குள் மன்றாடினாள். அவன் மேலேதான் பார்த்தான். கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவிக்கு ஒயரே இல்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அவனை நினைத்துப் பெருமைப்பட்டாள்.

"கண்ணு, இங்க வா சாமி. நம்பர்ஸ் சொல்லுவியா? எங்க, ஒன்னுல இருந்து சொல்லு பாக்கலாம்."

வேல்விழி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, அங்கே பழகிய பழக்கத்தில், பிரெஞ்சில் எண்ண ஆரம்பித்தாள். "அன், தெ, த்ருவா, காத்ர்..."

போச்சு என்று நினைத்தாள் சித்ராதேவி. யூகேஜிகூட இல்லை, எல்கேஜிதான்.

ஆனால் கரஸ்பாண்டன்ட் அம்மாவின் கண் விரிந்துவிட்டது. "என்னங்க பாஷை இது?"

"பிரெஞ்சுங்க."

"பிரெஞ்சுங்களா! அட சாமி!" மணியை அடித்து யாரையோ கூப்பிட்டார். "மிஸ்ஸை வரச் சொல்லுங்க. இன்னொருக்கா சொல்லு கண்ணு. பாட்டு ஏதாச்சும் தெரியுமா? ஆன்வல் டேக்கு மேடையில நிக்க வச்சுப்போடலாம். இங்க எந்த ஸ்கூல்லயும் இப்படி ஒரு பாப்பா இல்லீங்க."

வேல்விழி பாடவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னாள்.

"பாத்ரூம் போகணுமாங்க" என்றாள் சித்ராதேவி.

"போயிட்டு வாங்க, வாங்க. கடைசீல இருக்குதுங்க."

வராந்தாவின் கடைசியில் இருந்தது. நீல ஓடு பதித்த சுவர். ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் ஒட்டிய இரண்டு கதவுகள். பொம்மைக்குக் கீழே ஆளுக்கொரு பூட்டு.

பக்கத்தில் மாப்பு போட்டுக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். வேலாத்தாள் என்று அவருடைய பழைய அடையாள அட்டையில் எழுதியிருந்தது.

"ஏனுங்க அம்மா, சாவி இருக்கா?"

"அது தொறக்க மாட்டாங்க அம்மிணி. சாவி பெரியம்மா மேசையில இருக்குது."

"லீவுன்னு பூட்டி வச்சிருக்கீங்களா?"

"லீவு என்னங்க, ஸ்கூல் இருந்தாலும் பூட்டுத்தானுங்க. அது இன்ஸ்பெக்சன்காரங்க வந்தா தொறக்கறது. தொறந்து உட்டா புள்ளைக நாறடிச்சுப்போடும்ங்களே."

"அப்ப புள்ளைக எங்க போகும்?"

"பசங்க பின்னால செவுத்தோரம் போயிக்குவாங்க." வேலாத்தாள் மாப்பைப் பிழிந்தார். "பொண்ணுக அடக்கிக்கும்ங்க. விவரமான புள்ளைக காலைல தண்ணியே குடிக்காம வந்துரும்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையும் இல்லை, கோபமும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

சித்ராதேவிக்கு அந்தப் பூட்டைத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு வந்து சேர்ந்த கம்பெனியிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. ஆடிட் பாத்ரூம் என்பார்கள். உள்ளே புது வாளி, உறை பிரிக்காத சோப்பு, மடிப்புக் கலையாத துண்டு. வெள்ளைக்காரர் வருகிற அன்றைக்கு மட்டும் திறப்பார்கள். மற்ற நாளில் எண்பது பெண்களுக்கு, தாழ்ப்பாள் இல்லாத ஒரே ஒரு கதவு. சித்ராதேவி சாப்பாட்டு நேரத்தில்கூட ஒரு வாய் தண்ணீர்தான் குடிப்பாள். அந்த ஆடிட் பாத்ரூம் சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். ஒருநாள் அவள் முகம் வெளிறி நிற்பதைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் அந்தச் சாவியை அவள் கையில் கொடுத்தான் சூப்பர்வைசர். அவன்தான் பாண்டித்துரை.

அந்தச் சாவியில் ஆரம்பித்த காதல் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்! மொரீசியஸில் பக்கத்து வீட்டுக்காரிகூட அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். மீதி எழுபத்தொன்பது பேர் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் நினைத்ததில்லை.

"அம்மா" என்றாள் வேல்விழி, மிகச் சின்னக் குரலில்.

குனிந்து பார்த்தாள். புது வெள்ளை சாக்ஸ் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. தன் ஷூவைச் சுற்றிப் பளிங்குத் தரையில் பரவுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அய்யய்யோ, இப்பத்தான் தொடச்சேன்!" என்றார் வேலாத்தாள்.

*

மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சித்ராதேவி அறைக்குள் நுழைந்தபோது, பாண்டித்துரையின் முகம் பூத்துக் கிடந்தது. தொண்டை சரியில்லாத மனிதன் கைஜாடையால் அவளுக்கு ஒரு விரலைக் காட்டினான். ஒன்றாம் வகுப்பு!

"ஒன்னாப்பே போட்டுக்கலாங்க" என்றார் கரஸ்பாண்டன்ட் அம்மா. "எங்க மிஸ்ஸுகிட்ட சொல்லிட்டேன். பாப்பாவுக்கு என்னாச்சுங்க?"

"அந்தச் சாவியைக் கொஞ்சம் தாரீங்களா?"

"எந்தச் சாவிங்க?"

"பாத்ரூம் சாவி. புள்ளையக் கழுவணும்."

"அய்யோ, ஆயாகிட்ட சொன்னா வாளியில தண்ணி கொண்டாந்து குடுப்பாங்களே. அது வந்துங்க... இன்ஸ்பெக்சனுக்குன்னு வச்சிருக்கறதுங்க."

"என் புள்ளைக்கு அவசரம்னா இன்ஸ்பெக்டரையும் கூட்டிட்டு வரணுமாங்க?"

மேசைக்கு அடியில் பாண்டித்துரையின் கால் வந்து அவள் காலை மிதித்தது. அவள் காலை உருவிக்கொண்டாள்.

கரஸ்பாண்டன்ட் அம்மாவின் சிரிப்பு இம்மியும் குறையவில்லை. "நீங்க சூடா இருக்கீங்க. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க."

"தண்ணி குடிச்சா எங்க போறதுங்க?"

சித்ராதேவி மகளை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒன்னு கேக்கலாமா அம்மா? ஸ்கூல் தொறந்த பிறகாச்சும் அந்தப் பூட்டை எடுத்துருவீங்களா? எடுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே சேத்துட்டுப் போறேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எங்க ஸ்கூலுக்குன்னு ஒரு முறை இருக்குதுங்க. அதுக்கு ஒத்து வாரவங்கதான் சேர்த்தறாங்க. உங்களைக் கட்டாயப்படுத்த நாங்க யாருங்க? வெளிய அம்பது பேரு நிக்கறாங்க. வெயில்ல பாத்துப் போங்க. பாப்பா, டாட்டா கண்ணு!"

கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாலும் இந்த ஊரில் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். திருப்பிச் சண்டை போடக்கூட ஒரு பிடி கிடைக்காது.

*

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. நனைந்த கவுனின் மேல் முந்தானையைச் சுற்றி மகளை நிறுத்தியிருந்தாள் சித்ராதேவி. பாண்டித்துரை அங்கும் இங்கும் நடந்தான்.

"நான் பேசினா ஸ்கூல் கெட்டுப்போகும். நீ பேசினா நியாயம். அப்படித்தான?"

"ஆமா."

"என்ன ஆமா? ஒன்னாப்பு குடுத்துட்டாடி அந்தம்மா! ஒரு வார்த்தை பேசாம வாங்கினேன். கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இம்புட்டு நேரம் சும்மா இருந்ததில்ல!"

"அது பூட்டிக் கிடந்துச்சுங்க."

"தெரியும்."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன தெரியும்?"

"உள்ள கூப்பிடுறதுக்கு முன்னாடியே வராந்தாவுல ஒரு நடை போய்ப் பாத்தேன். பூட்டுல துரு ஏறியிருந்துச்சு. கதவுக்கு முன்னால தரையில ஈரமே இல்ல. புழங்குற பாத்ரூம்னா வாசல் அப்படி இருக்காது. ஷோவுக்கு வச்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்."

"பாத்துட்டு என்கிட்ட சொல்லாம உக்காந்திருந்தீங்களா?"

"நீதானடி சத்தியம் வாங்கினே!"

சித்ராதேவிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் முந்திக்கொண்டு எரிச்சல் வந்தது. பேசாதே என்ற இடத்திலெல்லாம் பேசித் தீர்த்த மனிதன், பேசவேண்டிய ஒரே இடத்தில் அரிச்சந்திரனாகிவிட்டான். இவனை எந்தக் கல்லில் முட்டுவது?

"நம்ம மண்ணரையிலயே அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்குல்ல. அங்க போய்ப் பாப்போம். வயசுக்குத் தக்கன ஒன்னாப்புல சேத்துக்கிடுவாங்க."

"கார்ப்பரேஷன் ஸ்கூலா? பிளேன்ல வந்து இறங்கின புள்ள அங்க போனா ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டும். நம்ம புள்ள தண்ணி குடிக்கணும்."

பஸ் வந்தது. கூட்டத்தில் பிள்ளையின் கவுன் யார் மேலும் படாமல் இருக்க, மண்ணரை வரும்வரை பாண்டித்துரை தன் உடம்பை வளைத்து மறைத்துக்கொண்டு நின்றான்.

*

வாசலிலேயே காத்திருந்தாள் சீனியம்மாள். "கிடைச்சுருச்சுல்ல? எனக்குத் தெரியும்! ஏன் புள்ள நனைஞ்சிருக்கு? வா கண்ணு, பெரியம்மா உனக்கு என்ன வச்சிருக்கேன் பாரு."

பதில் சொல்ல வாய் எடுப்பதற்குள் பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சித்ராதேவி செருப்பைக் கழற்றிக் கால் கழுவிவிட்டுப் போவதற்குள் காரியம் முடிந்திருந்தது.

வேல்விழி கண்ணாடி ஸ்கூல் யூனிபார்மில் நின்றாள். பச்சைக் கட்டம் போட்ட பாவாடை, வெள்ளைச் சட்டை, அதே கட்டத்தில் ஒரு குட்டி டை. அளவெடுத்துத் தைத்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை.

"அம்மா, பாரு!" ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். காலையிலிருந்து அந்த முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்திருந்தது. அடுத்த நொடி வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள். வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடுகள் ஒவ்வொன்றாக அவளைக் கூப்பிட்டு, டையைப் பிடித்துப் பார்த்து, கன்னத்தைக் கிள்ளுவது கேட்டது.

"அக்கா, இது எப்படி உங்ககிட்ட?"

"நேத்தே தச்சாச்சு. உம் பெரியத்தான்தான் முதல் பீஸு நம்ம புள்ளைக்குன்னு வெட்டச் சொன்னாரு."

முதல் பீஸா? சித்ராதேவி யூனிட் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது. கட்டிங் மேசை முழுக்கப் பச்சைக் கட்டத் துணி. ஒவ்வொரு மிஷினுக்கு அடியிலும் பச்சைக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியத்தானுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று இரண்டு வாரமாக யோசித்தவளுக்கு, இப்போது யாரும் சொல்லாமலே விளங்கியது.

ஜெயபாண்டி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தான். "பாத்தியா சித்ரா ஃபிட்டிங்கை? ஒரு வருஷமா ஆர்டர் இல்லாம கிடந்தேன். கந்தவேல் அண்ணன் வாங்கிக் குடுத்தாரு. மொத்த ஸ்கூலுக்கும் நாமதான். நம்ம புள்ளையும் அங்க படிச்சா அந்தம்மாவுக்கு நம்ம மேல ஒரு இது இருக்கும்ல. இன்னும் எழுதித்தான் தரல. இன்னிக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காங்க."

எழுதித் தராத ஆர்டருக்குத் துணியை வெட்டிவிட்டான்! இந்த ஊரில் மட்டும்தான் வாய்ச்சொல்லுக்குக் கத்திரி ஓடும்.

"என்ன ரெண்டு பேரும் முழிக்கீங்க?"

பாண்டித்துரை ஒரு அடி முன்னால் வந்தான். "கிடைக்கலண்ணே. நான்தான் கெடுத்தேன்."

"என்னலே?"

"பாத்ரூமைப் பத்திக் கேட்டுட்டேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு."

ஜெயபாண்டியின் முகம் கறுத்தது. சந்தேகமே படவில்லை. யார் படுவார்கள்? "ஏலே, உனக்கு மனுசப் புத்தியே வராதா? கக்கூஸ் எண்ணுததுக்குன்னே பிறந்தவனா நீ? சோறு போட்டு மாடியில உக்கார வச்சதுக்கு என் பொழப்புலயே..."

பாண்டித்துரை தலை குனிந்து வாங்கிக்கொண்டான். சித்ராதேவி அவனைப் பார்த்தாள். தன்னைக் காப்பாற்றுகிறான் என்று தெரிந்தது. அன்றைக்குச் சாவியை நீட்டிய அதே கை. அவளுக்கு மட்டும் ஒரு கதவு திறக்கும். அவள் பேசாமல் நுழைந்துகொள்ளவேண்டும். நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஆத்திரமாக வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மேசைக்கு முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதையும் இவன் தன் பெயரில் எழுதிக்கொள்கிறானே!

"இல்ல பெரியத்தான்" என்றாள். "அவுக பொய் சொல்லுதாக. கேட்டது நான். அந்தம்மா ஒன்னாப்பு குடுத்தாங்க. வேண்டாம்னு வந்ததும் நான்தான்."

"சித்ரா, சும்மா இரு" என்றான் பாண்டித்துரை.

"இருந்தாச்சு."

ஜெயபாண்டி அவளையே பார்த்தான். தம்பியைத் திட்டிய வாய்க்கு, தம்பி பெண்டாட்டியைத் திட்ட வார்த்தை வரவில்லை. கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் சுருட்டினான். பிறகு யூனிட்டுக்குள் தலையை நீட்டி, "மிஷினை நிப்பாட்டுங்கப்பா" என்றான்.

முன்வரிசை நின்றது. பின்வரிசையில் ஒருவர் பாதித் தையலை முடித்துவிட்டு நிறுத்தினார். ஒன்றரை மாதமாகக் காலுக்கடியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அடங்கியது.

தெருமுனையில் வேல்விழி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது அங்கிருந்தே தெளிவாகக் கேட்டது.